மலைவீட்டுப் பவளத்தொட்டிக்கு எந்த விளக்கு?

சென்னையிலோ தூத்துக்குடியிலோ வீட்டில் பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்க நினைப்பவருக்கு விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கவலை வெப்பம்தான். விளக்கின் சூடு தண்ணீரில் இறங்கினால் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்; அதைத் தணிக்கச் சில்லர் வேண்டும்; அந்தச் சில்லருக்கும் தனியே மின்சாரம் வேண்டியிருக்கும். ஆகவே சூடு குறைந்த விளக்கே நல்ல விளக்கு என்று அங்கே முடிவாகிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கும், 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே தொட்டியைக் குளிர்விக்க யாரும் பணம் செலவழிப்பதில்லை. உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில், குளிர்ந்துபோன அறைக்குள் தண்ணீரை 25 டிகிரியில் நிறுத்தி வைப்பதற்குத்தான் செலவு. எனவே சமவெளியில் எழுதப்பட்ட ஆலோசனைகளை மலைக்கு எடுத்துவரும்போது அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் தொட்டியில் எதை வளர்க்கப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் ஒளியின் தேவை உயிரினத்துக்கு உயிரினம் பலமடங்கு மாறுபடுகிறது. இந்தியாவில் இந்த முடிவில் பெரும்பகுதியைச் சட்டமே எடுத்துவிடுகிறது. பாறைத்திட்டுகளைக் கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள், தீப்பவளங்கள் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவளத்தில் ஒரு துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைப்பது, அது இறந்த கல்லாக இருந்தாலும், தண்டனைக்குரிய குற்றமாகும். ஆகவே இங்கே வீட்டுத்தொட்டி என்பது பெரும்பாலும் காளான் பவளம், ஜோவாந்திட், தோல்பவளம் முதலிய மென்பவளங்களின் தொட்டியாகவே இருக்க முடியும். அவற்றையும் வளர்ப்பகங்களில் பெருக்கப்பட்டவையாகப் பார்த்து, ரசீதுடன் வாங்குவதே சரி. வெளிநாட்டுத் தொட்டிகளின் படங்களைப் பார்த்து விளக்கு வாங்கும் பலர் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுவதால், தங்களுக்குத் தேவைப்படாத மூன்று மடங்கு ஒளிக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஒளியை அளக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். பவளத்தின் திசுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, கிடைக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. அந்தப் பாசிகளுக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அதைப் பார் என்ற அளவால் குறிக்கிறார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை மைக்ரோமோல் கணக்கில் சொல்வது. உச்சிவெயிலில் கடற்பரப்பின் மேல் இது ஏறத்தாழ 2,000 இருக்கும். கிளைவிடும் கல்பவளங்களுக்குத் தொட்டியில் 200 முதல் 400 வரை வேண்டும் என்பது வளர்ப்போரிடையே நிலைத்துவிட்ட கணக்கு. காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும்; ஜோவாந்திட்டுக்கும் தோல்பவளத்துக்கும் 80 முதல் 150 வரை கொடுத்தால் நன்றாக வளரும். இதற்கு மேல் கொடுத்தால் பவளம் சுருங்கும், வெளிறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு மின்செலவைச் சொல்லுமே தவிர, பவளத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்லாது.

நிறத்தைப் பொறுத்தவரை, நுண்பாசிகளின் பச்சையமும் அவற்றுக்கே உரிய பெரிடினின் என்ற நிறமியும் 430 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை நன்றாக உறிஞ்சுகின்றன. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே மறைந்துவிட, நீலமே ஆழத்துக்குச் செல்கிறது. விளக்கொளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் எண் கூடக்கூட விளக்கு நீலமாகத் தெரியும். 10,000 கெல்வின் வெள்ளையாகவும், 14,000 இளநீல வெள்ளையாகவும், 20,000 அடர்நீலமாகவும் இருக்கும். மென்பவளங்கள் இவற்றில் எதிலும் வாழும். நீல ஒளி பட்டால் சில பவளங்களின் பச்சையும் ஆரஞ்சும் தாமாகவே ஒளிர்வதுபோல் தெரியும் என்பதால் பலர் நீலத்தை விரும்புகிறார்கள்; அது பெரும்பாலும் நம் கண்ணுக்கான விருந்துதான்.

இனி விளக்குகள். வாயு நிரப்பிய சிறு குழாய்க்குள் மின்வில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்கு 70, 150, 250, 400 வாட் அளவுகளில் வருகிறது. ஒரே புள்ளியிலிருந்து ஒளி புறப்படுவதால், நீரின் அலையசைவு தொட்டியின் அடியில் வெயில் நெளிவதைப் போலவே நெளியும். இந்த அழகை வேறெந்த விளக்கும் முழுமையாகத் தருவதில்லை. ஆழமான தொட்டியிலும் ஒளி அடிவரை இறங்கும். இருமுனை பல்புகளிலிருந்து புற ஊதாக்கதிர் வெளிப்படும் என்பதால் அவற்றின் முன் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் இருக்க வேண்டும். நிறம் மாறிவிடுவதால் ஆண்டுக்கொரு முறை பல்பை மாற்ற வேண்டும். சமவெளியில் இந்த விளக்கு ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. மலையிலோ, ‘எப்படியும் ஹீட்டர் போடத்தான் போகிறோம், அந்தச் சூட்டை விளக்கே கொடுத்தால் இரட்டைப் பயன்தானே?’ என்ற வாதத்தோடு இதைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

முதலாவதாக, விளக்கு எரிவது பகலில். தொட்டி குளிர்வது இரவில். ஊட்டியில் பின்னிரவு மூன்று மணிக்கு வெப்பம் மிகத் தேவைப்படும்போது ஹாலைடு அணைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். தொட்டி நீர் பகல் சூட்டை ஓரளவு தேக்கி வைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பகலில் 27, விடியலில் 23 என்று நாள்தோறும் ஏறி இறங்கும் தண்ணீர் பவளத்துக்கு நல்லதல்ல. இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கத் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் எப்படியும் வேண்டும். இரண்டாவதாக, ஹாலைடின் சூட்டில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போவதே இல்லை, விளக்கின் கூட்டைச் சூடாக்கி அறையின் கூரைக்குப் போய்விடுகிறது. மூன்றாவது காரணமே முக்கியமானது. இந்த விளக்கை நீர்ப்பரப்பிலிருந்து 20 அல்லது 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, தொட்டியின் மேற்பரப்பைத் திறந்தே வைப்பதுதான் வழக்கம். கீழே கண்ணாடி மூடி இருந்தால் அதில் உப்புக்கறை சுட்டுப் படியும், சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் தெறித்தால் விரிசலும் விடலாம். திறந்த தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியானால் இரண்டு யூனிட் போயிற்று. 250 வாட் ஹாலைடு எட்டு மணி நேரம் எரிந்து செலவழிக்கும் மின்சாரமும் அதே இரண்டு யூனிட்தான். அதாவது விளக்கு கொடுப்பதாகச் சொல்லப்படும் வெப்பத்தை, அந்த விளக்குக்காகத் திறந்து வைத்த வாயே வெளியேற்றிவிடுகிறது. குளிரும் வறட்சியும் சேர்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆவியாதல் இன்னும் கூடும்.

ஆகவே மலையில் வெப்பத்தைக் காக்கும் வழி விளக்கில் இல்லை, மூடியில் இருக்கிறது. மூடி போடக்கூடிய விளக்கைத் தேர்ந்தெடுப்பது என்ற இந்த ஒரு நிபந்தனையே தேர்வின் பாதியை முடித்துவிடுகிறது. தூய்மையான கண்ணாடி மூடி ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே தடுக்கும். மென்பவளத் தொட்டிக்கு அது பொருட்டல்ல. ஆனால் வாரம் ஒருமுறை உப்புப் படிவைத் துடைக்காவிட்டால் அந்த இழப்பு விரைவில் பெரிதாகும். மூடியை முழுவதும் இறுக அடைத்துவிடவும் கூடாது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் தண்ணீரில் கரையும் உயிர்வளியும் அதே விகிதத்தில் குறைவு. பின்புறம் ஓர் இடைவெளியும், நீரில் நுரையெழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நன்றாக ஓடுவதும் வேண்டும்.

ஹாலைடுக்கு எதிரான இன்னொரு காரணம் மின்சாரத்தின் நிலை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், ஊட்டிப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மரம் சாய்ந்து கம்பி அறுவது ஆண்டுதோறும் நடப்பது. நீண்ட மின்தடை எல்லா விளக்குக்கும் பொதுவான தொல்லை. ஆனால் கண்சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் போய்த் திரும்புவது ஹாலைடுக்கு மட்டும் தனித்தொல்லை, ஏனெனில் அணைந்த பல்பின் உட்குழாய் ஆறி அழுத்தம் குறையும்வரை அது மறுபடி பற்றிக்கொள்ளாது. அதற்குப் பத்து நிமிடம் வரையும் ஆகலாம், அதன்பின் முழு ஒளிக்கு வர மேலும் சில நிமிடங்கள். மழைநாளில் இப்படி ஐந்தாறு முறை நடந்தால் பல்பின் ஆயுளும் தேயும். பழைய வகைச் சோக்கில் ஓடும் விளக்கு, மின்னழுத்தம் குறையும் மாலை வேளைகளில் மங்கி நிறம் மாறுவதும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட நினைப்பது வீண்.

டி5 குழல்விளக்கு ஒரு காலத்தில் நடுத்தர வீட்டுத்தொட்டிகளின் முதல் தேர்வாக இருந்தது, அதற்குத் தகுதியும் உடையது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தக் குழல்களில் அதிக ஒளி தரும் வகை இரண்டடிக்கு 24 வாட், மூன்றடிக்கு 39 வாட், நான்கடிக்கு 54 வாட் என்று வருகிறது. தொட்டியின் நீளம் முழுவதும் ஒளி சமமாகப் பரவுவதும், பாறையின் இரண்டு பக்கமும் நிழலின்றி இருப்பதும் இதன் பெரிய சிறப்பு. கிளைகளும் மடிப்புகளும் உள்ள தோல்பவளத்தின் அடிப்பாகம்கூட வெளிறாமல் இருக்கும். குழலுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிரதிபலிப்பான் உள்ள பெட்டியை வாங்க வேண்டும். ஒரே தகட்டின் கீழ் நான்கு குழல்களை அடுக்கிய மலிவுப் பெட்டியில் ஒளியின் கணிசமான பங்கு குழலுக்கே திரும்பிப் போய்விடும். நீலமும் வெள்ளையும் கலந்து குழல்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தமக்குப் பிடித்த நிறத்தை அமைத்துக்கொள்ளலாம்.

ஆனால் டி5-க்கும் குளிருக்கும் ஒத்துவராது என்பதைச் சமவெளிக்காரர்கள் எழுதுவதில்லை, அவர்களுக்கு அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை. குழலைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 35 டிகிரி இருக்கும்போதுதான் இந்த வகைக் குழல் தன் முழு ஒளியைத் தரும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே குழலுக்குள் பாதரச ஆவியின் அழுத்தம் குறைந்து, ஒளியும் குறையும். 15 டிகிரி அறையில் திறந்தவெளியில் தொங்கும் குழல் காலையில் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். சமவெளியில் குழல்களுக்கு மின்விசிறி வைத்துக் குளிர்விக்கச் சொல்வார்கள். மலையில் அந்த விசிறியைக் கழற்றிவிட்டு, குழல்கள் தங்கள் சூட்டிலேயே வெதுவெதுப்பாக இருக்கும்படி மூடிய கூட்டுக்குள் அவற்றை வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒளிக்குறை பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாகாதது குழலின் எதிர்காலம். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழல்களை மாற்றியாக வேண்டும். அவை ஒவ்வொன்றிலும் பாதரசம் இருக்கிறது. பொது விளக்குகளுக்கான டி5 குழல்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டு முதல் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது. அதே ஆண்டு, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் பொதுப் பயன்பாட்டுக்கான நீள்குழல் விளக்குகளை 2027-ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. மீன்தொட்டிக்கான சிறப்புக் குழல்களை இன்னும் சிலர் தயாரிக்கிறார்கள் என்றாலும், பொதுச்சந்தை மறைந்தபின் அவை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பழைய குழல்களைக் குப்பையோடு போடவும் முடியாது. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் மண்ணில் என்ன செய்தது என்பதைப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் கொடைக்கானல் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்.இ.டி. விளக்கு மலைக்காகவே செய்ததுபோல் இருக்கிறது என்றால் அது மிகையில்லை. குளிர்ந்த காற்றில் அதன் சில்லுகள் குறைந்த சூட்டில் ஓடுவதால் ஒளி சற்றுக் கூடும், ஆயுளும் நீளும். மின்சாரம் போய் வந்தால் அந்தக் கணமே எரியும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் டிரைவர் (மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) உள்ளவை மின்னழுத்தக் குறைவைப் பொருட்படுத்துவதில்லை. மூடியின் மேல் சிறிது உயரத்தில் வைக்கலாம், கண்ணாடி சுடாது. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் சப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவாகி, அதற்காக மூவர் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கதையைப் பலர் அறிவார்கள். 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் அந்த நீலச் சில்லு, பவளத்தின் பாசிகள் விரும்பும் பட்டையிலேயே அமைந்தது பவளம் வளர்ப்போரின் நல்லூழ்.

குறைகளும் இருக்கின்றன. ஒளி சிறிய லென்சுகளிலிருந்து குவிந்து வருவதால், விளக்குக்கு நேர்கீழே 200 பார் அடிக்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி 60 இருக்கலாம். பாறையின் மறுபக்கம் இருளாகவும் இருக்கலாம். மென்பவளத் தொட்டியில் இதை ஒரு வசதியாகவே மாற்றிக்கொள்ள முடியும்: நடுவில் தோல்பவளம், ஓரங்களில் காளான் பவளம். புதிய விளக்கை முழு அளவில் எரியவிட்டு, ஒரே வாரத்தில் பவளங்களை வெளிறச் செய்வது இந்த விளக்கைச் சார்ந்து பரவலாக நடக்கும் பிழை. 30 அல்லது 40 சதவீதத்தில் தொடங்கி, ஒரு மாத காலத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் 50,000 மணி நேர ஆயுள் சில்லுகளுக்கு மட்டுமே உரியது. நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வகுத்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வரும் அந்தக் கணக்கு டிரைவருக்கும் விசிறிக்கும் பொருந்தாது.

மலையில் இந்த விளக்குக்கு உண்மையான எதிரி ஈரம். 25 டிகிரி தண்ணீரிலிருந்து எழும் உப்பு கலந்த ஆவி, 14 டிகிரியில் அணைந்து கிடக்கும் உலோகப் பெட்டியைத் தொட்டவுடன் அதன்மேல் நீராகப் படிகிறது. சன்னல் வழியே மஞ்சு வீட்டுக்குள் நுழையும் மாதங்களில் அறைக்காற்றும் உதவாது. மின்விசிறி வைத்த பெட்டி இந்த ஈரக்காற்றையே உறிஞ்சிச் சுற்றுப்பலகையின் மேல் வீசுகிறது, ஓராண்டுக்குள் பச்சை பூத்த இணைப்புகளைப் பார்க்கலாம். எனவே விசிறியில்லாமல், முதுகில் அலுமினியத் தகடுகள் மட்டும் கொண்டு தானே குளிரும் வகையையும், தூசியும் நீர்த்தெறிப்பும் புகாதபடி ஐ.பி.65 தரத்தில் அடைக்கப்பட்டதையும் இங்கே முதலில் பார்க்க வேண்டும். சமவெளி வெப்பத்தில் அத்தகைய விளக்கைச் சற்று அஞ்சித்தான் வாங்குவார்கள். மலைக்காற்றே அதற்குப் போதுமான விசிறி. டிரைவர் பெட்டிக்குள் இல்லாமல் தனியே இருந்தால் இன்னும் நல்லது, பழுதானால் ஊட்டியிலேயே அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ளதை வாங்கி மாற்றிவிடலாம். பெயர் பெற்ற வெளிநாட்டு விளக்குகள் ஒளித்தரத்தில் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை, ஆனால் பழுதானால் கோவை வழியாகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் திரும்பும் நாட்களில் தொட்டி இருளில் கிடக்கும். ஒரு பெரிய விளக்குக்குப் பதில் இரண்டு சிறிய விளக்குகளாக வாங்குமாறு நான் சொல்வது இதனால்தான்.

மின்கட்டணத்தையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நான்கடித் தொட்டிக்கு 150 வாட் ஹாலைடு இரண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால், சோக்கின் இழப்பைச் சேர்க்காமலே அறுபது நாளுக்கு 144 யூனிட். 54 வாட் குழல் நான்கு, ஒன்பது மணி நேரம் எரிந்தால் 117 யூனிட். 90 வாட் எல்.இ.டி. இரண்டு, ஒன்பது மணி நேரம் முழு அளவில் எரிந்தால் 97. மென்பவளத்துக்குப் போதுமான 60 சதவீதத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 58. அதே தொட்டியில் 600 வாட் ஹீட்டர் குளிர்காலத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 360 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக்கூடப் படிப்படியாக விலை ஏறும் நம் மின்கட்டண முறையில், உச்சப்படிக்குத் தள்ளுவது ஹீட்டரே. எனவே சிக்கனம் வேண்டுபவர் விளக்கு வாங்குவதற்கு முன்பே தொட்டியின் முதுகிலும் பக்கங்களிலும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டி, மேலே மூடி செய்துகொள்ளட்டும்.

சன்னல் வெயிலைப் பற்றியும் கேட்பார்கள். மலைவெயில் கடுமையானதுதான், ஆனால் காலையில் அடித்துப் பிற்பகலில் மஞ்சு மூடும் ஒளியை நம்பித் தொட்டியை நடத்த முடியாது. இரவில் அதே சன்னல் தொட்டியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 6,500 கெல்வின் எல்.இ.டி. ஃப்ளட் விளக்கோ முயற்சிக்கத் தக்கதுதான். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளேயும் இருப்பது அந்த 450 நானோமீட்டர் நீலச் சில்லே என்பதால், 50 வாட் ஃப்ளட் ஒன்றின்கீழ் இரண்டடித் தொட்டியில் காளான் பவளமும் ஜோவாந்திட்டும் வளரும். நிறம் மஞ்சள் சாயலாக இருக்கும், கண்ணாடியில் பாசி சற்று அதிகம் ஏறும். பணம் குறைவாக உள்ள தொடக்கநிலையினர் இதில் தொடங்கிப் பின்னர் மாறுவதில் தவறேதும் இல்லை.

என் தீர்ப்பு இது. இரண்டடி, மூன்றடித் தொட்டிகளுக்கு விசிறியற்ற எல்.இ.டி. மட்டும் போதும், வேறெதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நான்கடித் தொட்டியில் நிழலில்லாத ஒளியை விரும்புபவர், ஏற்கெனவே டி5 பெட்டி கையில் இருந்தால், அதில் இரண்டு குழல்களை மூடிய கூட்டில் வைத்து நடுவில் எல்.இ.டி.யைச் சேர்க்கலாம், புதிதாக டி5 வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஹாலைடை, அறுபது சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள தொட்டியில் அந்த நெளியும் ஒளிக்காகவே செலவழிக்கத் துணிந்தவருக்கு மட்டும் விட்டுவிடலாம், அவரும் சூட்டைக் காரணம் காட்டாமல் அழகைக் காரணம் காட்டி வாங்கட்டும்.

வாங்கிய விளக்கை அமைக்கும்போது பார் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிடுவது நல்லது. கைபேசிச் செயலிகளும் லக்ஸ் மீட்டரும் நீல ஒளியின்கீழ் நம்பத்தக்க எண்ணைக் காட்டுவதில்லை. அதற்கு வழியில்லாதவர், குறைந்த அளவில் தொடங்கி, காளான் பவளம் விரிகிறதா சுருங்குகிறதா என்று வாரந்தோறும் பார்த்து ஏற்றலாம். ஒளி நேரம் நாளுக்கு எட்டு முதல் பத்து மணி. அதற்கான டைமரை வாங்கும்போது, முள் சுற்றும் பழைய வகையைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு மின்தடைக்கும் அது நின்று நின்று ஓடி, ஐப்பசி முடிவதற்குள் தொட்டியில் நள்ளிரவில் உச்சிவெயில் அடிக்கும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. ஹீட்டரை மட்டும் அதில் மாட்டாமல் நேரடி இணைப்பில் விட வேண்டும்.